காலையில் தெரியாத நோய்

காலையில் தலைவாரிய கை மாலையில் சீப்பைத் தூக்க மறுக்கின்றது, இமை சரிகின்றது, சோற்றை மெல்லவும் வாய் சோர்கின்றது. வைத்தியரைக் காணும் முற்பகலிலோ குறையொன்றும் தெரிவதில்லை. "மனக்கவலைதான்" என்று குளிசை கிடைக்கும், மாதங்கள் கழியும். மயஸ்தீனியா கிறேவிஸ் என்னும் நோயின் கபடம் இது. நரம்பின் கட்டளை தசையைச் சேரும் வாயிலை, உடலைக் காக்கவேண்டிய பொருள்களே அடைத்துவிடுகின்றன. 1934இல் இங்கிலாந்தில் மேரி உவாக்கர் என்ற பெண் வைத்தியர் பைசொஸ்டிக்மின் ஊசி ஏற்ற, சரிந்த இமை சில மணி நேரம் நிமிர்ந்தது.

இன்னொரு வைத்தியரை நாடுவது முதல்வரை அவமதிப்பதாகும் என்று நம்மவர் கூசுவர். அது வீண் கூச்சமென்றே நாம் கருதுகின்றோம். பழைய பரிசோதனை முடிவுகளோடு, எவ்வேலையின் பின், எத்தனை மணிக்குக் கை சோர்ந்தது என்ற குறிப்பையும் கொண்டு செல்க. விழுங்க இயலாவிடினும், மூச்சு முட்டினும், தவணை பாராது ஆஸ்பத்திரிக்கு விரைக.