அட்டையில் ஒரு கதை, உள்ளே வேறு கதை: காதல் முதல் புராணம் வரை சில அண்மைக்கால நாவல்கள்

கொலீன் ஹூவர் எழுதிய 'இட் எண்ட்ஸ் வித் அஸ்' நாவல் 2016இல் வெளியானது. மெடலின் மில்லரின் 'த சோங் ஒஃப் அகிலீஸ்' அதற்கும் முந்தியது. 2011இல் வெளிவந்து அடுத்த ஆண்டே ஒரேஞ்ச் பரிசையும் பெற்றது. 2021ஆம் ஆண்டளவில் இந்த இரண்டு பழைய நாவல்களும் திடீரென்று விற்பனைப் பட்டியல்களின் மேல் வரிசைக்கு வந்தன. டிக்டொக்கில் இளம் வாசகர்கள், பெரும்பாலும் யுவதிகள், புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை மூடிவிட்டு அழுகின்ற காணொளிகளைப் பதிவேற்றியதுதான் இதற்குக் காரணம். கொரோனா முடக்கத்தில் வீட்டுக்குள் இருந்தவர்கள் அவற்றைப் பார்த்தார்கள், வாங்கினார்கள். 'புக்டொக்' என்ற பெயர் அப்படித்தான் நிலைத்தது.

அந்த அலை இலங்கைக்கும் வந்துவிட்டது. கொழும்புப் புத்தகக் கடைகளில் இந்த நாவல்களுக்குத் தனி மேசையே போடுகிறார்கள். 'இதைப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்கலாமா?' என்று ஒரு தாயோ தகப்பனோ கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் பதில் ஒரு வகைப் பெயர்தான்: ரொமான்ஸ், ஃபென்டசி, த்ரில்லர், மிதொலொஜி. அந்தப் பெயர் உள்ளே இருப்பதைப் பல வேளைகளில் சொல்வதில்லை. சில வேளைகளில் மறைத்தும் விடுகிறது. அதனால்தான் இந்தப் பரிந்துரையில் கதைச் சுருக்கத்தைவிட உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

'இட் எண்ட்ஸ் வித் அஸ்' இதற்கு நல்ல உதாரணம். அட்டையில் பூ, பின்புறத்தில் காதல் கதை என்ற அறிமுகம். பொஸ்டனில் பூக்கடை வைக்கும் லிலி, மூளை சத்திரசிகிச்சை நிபுணரான ரைலைக் காதலித்துத் திருமணம் செய்கிறாள். தகப்பன் தாயை அடிப்பதைப் பார்த்து வளர்ந்தவள் அவள். ஏன் இந்த மனிதனை விட்டு அம்மா போகவில்லை என்று சின்ன வயதில் கோபப்பட்டவள். பிறகு ரைலின் கை அவள் மீதே விழுகிறது. தாயிடம் கேட்ட கேள்வியை இப்போது தன்னிடமே கேட்க வேண்டிய நிலை. தன் தாயின் வாழ்க்கையை வைத்தே இதை எழுதியதாக ஹூவர் கூறியிருக்கிறார். ஆகவே இது வீட்டு வன்முறை பற்றிய நாவல். காதல் கதை என்ற பெயரில் விற்கப்பட்டதால் வந்த விபரீதமும் உண்டு. 2023 ஜனவரியில் இந்த நாவலை வைத்து வர்ணம் தீட்டும் புத்தகம் ஒன்று வெளியிடப் போவதாக அறிவித்தார்கள். வாசகர்கள் கொதித்தெழுந்ததும் ஹூவர் மன்னிப்புக் கேட்க, திட்டம் கைவிடப்பட்டது. 2024இல் திரைப்படம் வந்தபோதும் அதைப் பூவும் கொண்டாட்டமுமாக விளம்பரப்படுத்தியதற்கு அதே கண்டனம் எழுந்தது.

எழுத்து நடை சாதாரணமானது, சில இடங்களில் மிகைதான். ஆனாலும் அடிக்கிறவன் எந்நேரமும் அரக்கனாக இருப்பதில்லை, அன்பானவனாகவும் இருப்பான், பொறி அங்கேதான் இருக்கிறது என்பதை இவ்வளவு எளிதாக விளக்கிய வெகுசன நாவல்கள் குறைவு. 'புருசன்தானே, பொறுத்துப் போ' என்று சொல்லும் உறவுகள் நிறைந்த நம் ஊரில் இதைப் படிக்க வேண்டியவர்கள் யுவதிகள் மாத்திரம் அல்லர். பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம். வன்முறைக் காட்சிகளும் படுக்கையறைக் காட்சிகளும் உண்டு.

சிரித்துக்கொண்டே படிக்க விரும்புபவர்கள் எமிலி ஹென்றியின் 'பீச் ரீட்' (2020) நாவலை எடுக்கலாம். அடுத்தடுத்த வீடுகளில் கோடையைக் கழிக்கும் இரண்டு எழுத்தாளர்கள். ஒருத்தி காதல் நாவல் எழுதுபவள், மற்றவன் 'தீவிர' இலக்கியக்காரன். இருவரும் வகையை மாற்றி எழுதிப் பார்ப்பதாகப் பந்தயம் கட்டுகிறார்கள். ரமணிசந்திரன் நாவல்களை இரவல் வாங்கிப் படித்து வளர்ந்த அம்மாமாருக்கு இந்தப் பந்தயத்தின் நையாண்டி உடனே பிடிபடும். அலி ஹேஸல்வூட்டின் 'த லவ் ஹைபொதெசிஸ்' (2021) ஓர் ஆராய்ச்சி மாணவியின் காதல். 'ஸ்டார் வோர்ஸ்' ரசிகர்களுக்கான கதையாக இணையத்தில் தொடங்கிப் பிறகு நாவலானது. இரண்டுக்கும் அட்டையில் கார்ட்டூன் பாணிப் படம் இருப்பதால் சிறுவர் புத்தகம் என்று நினைத்துவிடக் கூடாது. உள்ளே வயது வந்தோருக்கான பகுதிகள் இருக்கின்றன.

அதே எச்சரிக்கை ரெபேக்கா யாரோஸின் 'ஃபோர்த் விங்' (2023) நாவலுக்கும் பொருந்தும். ட்ராகன் என்றதும் ஹரி பொட்டர் நினைவுக்கு வரும், ஆனால் இது பெரியவர்களுக்கானது. நூலகத்தில் ஏடுகளோடு இருக்க விரும்பிய வயலட்டை, படைத்தளபதியான தாயே ட்ராகன் ஓட்டும் பிரிவுக்கு அனுப்புகிறாள். அங்கே தோற்றால் வீட்டுக்கு அனுப்புவதில்லை, சாவுதான். வயலட்டின் மூட்டுகள் எளிதில் விலகிவிடும். யாரோஸுக்கும் எலர்ஸ் டன்லோஸ் என்ற இணைப்புத் திசு நோய் இருக்கிறது. உடல் ஒத்துழைக்காத ஒருத்தி உடல் பலத்தையே கேட்கும் இடத்தில் எப்படித் தாக்குப்பிடிக்கிறாள் என்ற பகுதிகள்தான் நாவலின் உயிர். காதல் பகுதிகளை வேகமாகப் புரட்டலாம். மூன்றாம் பாகமான 'ஒனிக்ஸ் ஸ்டோர்ம்' 2025 ஜனவரியில் வெளிவந்து முதல் வாரத்திலேயே 27 இலட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. ஐந்து பாகங்களாகத் திட்டமிடப்பட்ட தொடர் இது என்பதையும் வாங்குமுன் தெரிந்துகொள்வது நல்லது.

ஃபென்டசி என்ற அதே தட்டில் நம் நாட்டுக்காரர் ஒருவரும் இருக்கிறார். கொழும்பைச் சேர்ந்த வஜ்ர சந்திரசேகரவின் 'த செயின்ட் ஒஃப் பிரைட் டோர்ஸ்' (2023), விஞ்ஞானப் புனைவுக்கும் மாயப் புனைவுக்கும் வழங்கப்படும் நெபியூலா விருதை 2024இல் வென்றது. கதாநாயகனின் பெயர் ஃபெட்டர், அதாவது தளை. அவன் பிறந்தவுடனேயே அவனுடைய நிழலைத் தாய் பிய்த்தெறிந்து விடுகிறாள். பெரிய மகானாகப் போற்றப்படும் தகப்பனைக் கொல்வதற்கென்றே அவனை வளர்க்கிறாள். வளர்ந்தவனோ அந்தப் பொறுப்பை உதறிவிட்டு லூரியட் என்ற நகரத்தில் ஒதுங்குகிறான். அந்த நகரம் முழுக்கத் திறக்கவே முடியாத ஒளிரும் கதவுகள்.

இலங்கை வாசகர் ஒருவருக்கு இந்த இடத்தில் பொறி தட்டும். புத்தரின் மகன் ராகுலனின் பெயருக்குத் தளை என்ற பொருளைத்தான் பௌத்த மரபு சொல்கிறது. துறவியான தகப்பனால் விட்டுச் செல்லப்பட்ட மகனின் பக்கத்திலிருந்து அந்தப் பெருங்கதையைத் திருப்பிப் பார்க்கிறது நாவல். லூரியட்டில் மக்களை இனம் பிரித்துப் பதியும் அலுவலகங்கள் இருக்கின்றன. அடையாள ஆவணம் இல்லாதவர்களுக்கு முகாம்கள் இருக்கின்றன. ஏவிவிடப்பட்ட கும்பல்கள் வீதிக்கு இறங்குகின்றன. எந்த ஊர் என்று நாவல் பெயர் சொல்லவில்லை. வெளிநாட்டு வாசகர் அதை விசித்திரக் கற்பனை என்று படிக்கலாம், சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டி நின்றவருக்கு அது அப்படித் தெரியாது. வாசிப்பு இலகுவானது அல்ல. முதல் ஐம்பது பக்கங்களுக்குப் பொறுமை வேண்டும்.

த்ரில்லரில் இப்போது அதிகம் கேட்கப்படும் பெயர் ஃபிரீடா மக்ஃபேடன். மூளைக் காயங்களுக்குச் சிகிச்சை அளிக்கும் வைத்தியரான இவர் புனைபெயரில் எழுதுகிறார். 'த ஹவுஸ்மெய்ட்' (2022) நாவலில் சிறையிலிருந்து வந்து காரில் படுத்துறங்கும் மில்லிக்கு ஒரு பணக்கார வீட்டில் வேலை கிடைக்கிறது. அவளுக்குக் கொடுத்த மேல்மாடி அறையின் பூட்டு வெளிப்பக்கம் இருக்கிறது. அமெரிக்க வாசகருக்கு அது திகிலூட்டும் ஓர் உத்தி. நம் கிராமங்களில் இருந்து மத்திய கிழக்குக்குப் பணிப்பெண்களாகப் போய்த் திரும்பியவர்களிடம் கேட்டால் அந்தப் பூட்டு வேறொரு கதை சொல்லும். நாவல் அந்த ஆழத்துக்குப் போகவில்லை, போகும் நோக்கமும் அதற்கு இல்லை. இரண்டு இரவில் முடித்துவிடலாம். 2025 டிசம்பரில் படமாகவும் வந்துவிட்டதால், திருப்பத்தை யாராவது சொல்லிவிடுமுன் படித்து முடிப்பது நல்லது.

அதைவிட நேர்த்தியானது அலெக்ஸ் மைக்கிலிடீஸின் 'த சைலன்ட் பேஷன்ட்' (2019). கணவனைச் சுட்டுக் கொன்ற ஓவியை, அதன் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. அவளைப் பேச வைக்க முயல்கிறார் ஓர் உளச் சிகிச்சையாளர். கணவனுக்காக உயிரைக் கொடுத்து, மீண்டு வந்த பிறகு மௌனமாகவே நிற்கும் அல்செஸ்டிஸ் என்ற கிரேக்கப் புராணப் பெண்ணின் கதை இதற்கு அடித்தளம்.

இலங்கையில் வேர்கொண்ட த்ரில்லர் வேண்டுமென்றால் அமண்டா ஜயதிஸ்ஸவின் 'மை ஸ்வீட் கேர்ள்' (2021) இருக்கிறது. இரத்மலானை அநாதை இல்லத்திலிருந்து அமெரிக்காவுக்குத் தத்துக் கொடுக்கப்பட்ட பெண், மோகினிப் பேய்க் கதைகள், காணாமற் போகும் பிணம் என்று போகிறது. வெள்ளைக்காரப் பெற்றோரின் 'நல்ல மனம்' பற்றிய கிண்டல் நன்றாக விழுந்திருக்கிறது.

இந்த வரிசையில் என் முதல் தெரிவு 2022இல் புக்கர் பரிசு பெற்ற ஷெஹான் கருணாதிலக்கவின் 'த செவன் மூன்ஸ் ஒஃப் மாலி அல்மெய்டா'. பரிசு பெற்ற நாவல் என்றதும் கடினமாக இருக்கும் என்று ஒதுக்கிவிட்டவர்கள் பலர். அதன் எலும்புக்கூடு சுத்தமான துப்பறியும் கதை: 1990இல் கொழும்பில் கொல்லப்பட்ட போர்ப் புகைப்படக்காரர், தன்னைக் கொன்றது யார் என்பதை ஆவியாக அலைந்து கண்டுபிடிக்க வேண்டும். அவகாசம் ஏழு நிலவுகள். அவர் ஒளித்துவைத்த படங்களில் 1983 கலவரப் படங்களும் இருக்கின்றன. மறுமை உலகத்தில் எல்லாத் தரப்பினராலும் கொல்லப்பட்டவர்களும் வரிசையில் நிற்கிறார்கள். அங்கே வழிகாட்டும் தமிழ் விரிவுரையாளர், 1989இல் யாழ்ப்பாணத்தில் சுட்டுக் கொல்லப்பட்ட ரஜனி திராணகமவை நினைவூட்டுபவர். இவ்வளவு சாவுக்கு நடுவிலும் வாய்விட்டுச் சிரிக்க வைக்கிறது, அதுதான் அதன் வித்தை.

புராணத்துக்கு வருவோம். மெடலின் மில்லரின் 'சேர்சி' (2018) நல்ல வாசல். ஹோமரின் காவியத்தில் ஆண்களைப் பன்றிகளாக்கும் சூனியக்காரியாக வந்துபோகும் சேர்சி, இங்கே தன் கதையைத் தானே சொல்கிறாள். கிரேக்கப் பெயர்கள் தெரியாவிட்டாலும் தடை இல்லை.

மகாபாரதத்தை ஆங்கிலத்தில் திரும்பச் சொல்பவர்களில் சித்ரா பனர்ஜி திவாகருணியின் 'த பேலஸ் ஒஃப் இல்யூஷன்ஸ்' (2008) சற்றுப் பழையது, ஆனால் இன்னும் விற்கிறது. திரௌபதி சொல்லும் கதை. அவள் மனதில் கர்ணன் இருந்தான் என்பதைப் பெரிய புதுமையாக அந்த நாவலின் ரசிகர்கள் பேசுவார்கள். தமிழ் வாசகருக்கு அது அவ்வளவு அதிர்ச்சி அல்ல. வில்லிபாரதத்தின் பழம் பொருந்து சருக்கத்தில், கொம்பிலிருந்து விழுந்த நெல்லிக்கனியை மீண்டும் ஒட்டவைக்க ஒவ்வொருவரும் மனதில் உள்ள உண்மையைச் சொல்ல வேண்டும். ஐவர் இருந்தும் இன்னொருவன்மீது மனம் போவதாகத் திரௌபதி அங்கே ஒப்புக்கொள்கிறாள். பாண்டிருப்பிலும் உடப்பிலும் திரௌபதை அம்மனுக்குத் தீ மிதிக்கும் நம் ஆட்களுக்கு அவள் கதையில் பழக்கப்பட்ட இடங்கள் நிறைய. அந்த உரிமையோடு திவாகருணியைப் படித்தால் எங்கே அவர் புதிதாகச் சொல்கிறார், எங்கே மெருகு மட்டும் பூசுகிறார் என்பது தெரியும்.

கவிதா கானேயின் 'கர்ணாஸ் வைஃப்' (2013) அப்படி ஒப்பிடுவதற்கு இன்னும் ருசியானது. அதன் நாயகி உருவி, அர்ஜுனனை விட்டுவிட்டுக் கர்ணனைத் தானாகத் தெரிவு செய்கிறாள். தமிழ்க் கூத்தில் கர்ணனின் மனைவி பொன்னுருவியோ அவன் பிறப்பைச் சொல்லி அவனைத் தாழ்த்துகிறவள். பெயர் ஒன்று, சாதி பற்றிய பார்வை இரண்டு. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் கூத்துத்தான் வாழ்க்கைக்குக் கிட்டவாக எனக்குத் தெரிகிறது.

விலையையும் சொல்ல வேண்டும். 2022 நெருக்கடிக்குப் பிறகு இறக்குமதி நூல்களின் விலை பலருக்கு எட்டாததாகிவிட்டது. பாதி விலையில் விற்கும் புத்தகம் பெரும்பாலும் நகலெடுத்த பிரதி. எழுத்து மங்கலாக இருக்கும், நடுவில் பக்கங்கள் இல்லாமலும் போகும். கொழும்புக்குப் போகிறவர்கள் டீ.ஆர். விஜேவர்தன மாவத்தைப் பழைய புத்தகக் கடைகளில் தேடலாம். செப்டெம்பரில் பண்டாரநாயக்க மண்டபத்தில் நடக்கும் புத்தகக் கண்காட்சியில் கழிவு விலை உண்டு. உள்ளூர் நூலகத்தில் வாங்கச் சொல்லி எழுத்தில் கேட்டும் பார்க்கலாம்.

ஆங்கிலத்தில் வாசிக்கச் சிரமப்படுபவர்களுக்கு, புராண வகையில் இவை எல்லாவற்றையும்விடப் பெரிய முயற்சி தமிழிலேயே இருக்கிறது. ஜெயமோகன் 2014 முதல் 2020 வரை இணையத்தில் நாள்தோறும் எழுதி 26 நாவல்களாக முடித்த 'வெண்முரசு', இப்போதும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. 26 என்ற எண்ணைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. முதல் நாவலான 'முதற்கனல்' அம்பையின் கோபத்தை மையமாகக் கொண்டது, தனியாகவும் படிக்கலாம். கைபேசியில் ஒரு நாளைக்கு ஓர் அத்தியாயம் போதும்.