மன்னாருக்கு வேண்டியது உள்ளூர்க் குரல்

விளம்பரத்தை நம்பியிருக்கும் தனியார் வானொலிகள் தலைமன்னாரையோ முசலியையோ தேடி வரமாட்டா என்பதை நாம் அறிவோம். கிராமிய ஒலிபரப்புக்கு அரச நிதி அவசியமாவது இதனாலேயே.

1981இல் யுனெஸ்கோ, டென்மார்க் உதவியுடன் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் தொடங்கிய மகாவலி சமூக வானொலியும், 1989இல் உருவான கொத்மலை நிலையமும் கிராமத்தவரையே பேசவைத்தன. எனினும் கடிவாளம் கூட்டுத்தாபனத்திடமே இருந்தது. நிதியுடன் அதுவும் சேர்ந்து வருமாயின் மன்னாருக்குப் பயனில்லை.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் நெடுங்காலம் அகதிகளாக வாழ்ந்து மீண்ட முஸ்லிம்களும் அவர்தம் தமிழ் அயலவரும் காணி, கடற்றொழில் பிணக்குகளை வதந்திகளுக்கு விட்டுவிடாது தாமே பேசுவதற்கு இடம் வேண்டும். எதிர்க்கரையில், பாம்பனில் 2016இல் ஆரம்பமான ‘கடல் ஓசை’ வானொலியில் மீனவ சமூகத்தினரே அறிவிப்பாளராயினர். நிதியை அரசு வழங்கட்டும். நிகழ்ச்சிகளை இரு சமூகத்தவரும் அமர்ந்த உள்ளூர்ச் சபை தீர்மானிக்கட்டும்.