கணக்கில் வராத கடன்



புதுச்சேரியில் பல்பரிமாண வறுமை 2015-16-இல் 1.71 சதவீதமாக இருந்து, 2019-21-இல் 0.85 ஆகக் குறைந்தது என்று நிதி ஆயோக் 2023-இல் அறிவித்தது. இந்திய அளவில் அது 24.85-லிருந்து 14.96 ஆனது. நன்றியோடு மகிழ்கிறோம்.

இந்தக் கணக்கு ஊட்டச்சத்து, படிப்பு, குடிநீர், கழிப்பறை, வங்கிக் கணக்கு முதலிய 12 அம்சங்களைப் பார்க்கிறது. அவற்றின் மொத்த மதிப்பில் மூன்றிலொரு பங்காவது குறைவுபட்டால் அது ஏழைக் குடும்பம். வைத்தியக் கடன் அந்தப் பன்னிரண்டில் இல்லை.

ஆகவே வில்லியனூரிலோ பாகூரிலோ இவையெல்லாம் உள்ள ஒரு குடும்பம், நகையை அடகு வைத்து ஆபரேஷனுக்கு வந்தாலும், ஏழையாக எண்ணப்படாது. எண்ணை மதிப்போம், கட்டிலருகே நின்று, கடனையும் விசாரிப்போம்.