பத்திரம் பதிந்தால் போதுமா?

ஓய்வு பெற்றபின் ஊரோடு போய்ச் சொந்த வீட்டில் இருக்க வேண்டும் என்பது வெளிமாநிலத்தில் வாழும் நம்மில் பலரின் ஆசை. ஒரு வார விடுப்பில் போகிறோம்; மனையைப் பார்த்து, பத்திரம் பதிந்து திரும்புகிறோம். பதிவாகிவிட்டது, இனிக் கவலையில்லை என்று இருந்துவிடுகிறோம்.

1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி பதிவாவது ஆவணம்தான். விற்றவருக்கு உரிமை உண்டு என்று அரசு உறுதி தருவதில்லை. வீட்டுக் காப்பீடும் தீ, வெள்ளம் போன்ற சேதங்களுக்கே உதவும். உரிமை வழக்குக்கு உதவாது. உரிமையில் குறை இருந்தால் இழப்பீடு தரும் பொறுப்பை 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டம், அதன்கீழ் வரும் மனைப்பிரிவு, அடுக்குமாடித் திட்டங்களை நடத்துபவர்மீது சுமத்துகிறது. தனி ஒருவரிடம் வாங்கும் பழைய மனைக்கு அது பொருந்தாது.

வில்லங்கச் சான்று பதிவானவற்றை மட்டுமே காட்டும். பதியாத உயிலும், பங்கு பிரிக்காத சகோதரியும் அதில் தெரியமாட்டார்கள். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005-ஆம் ஆண்டுத் திருத்தப்படி பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

எனவே முன்பணம் தருமுன் தாய்ப்பத்திரம், 30 ஆண்டு வில்லங்கம், பட்டா, வாரிசுச் சான்று ஆகியவற்றை உள்ளூர் வக்கீலிடம் காட்டுங்கள். வாரிசுகள் அனைவரும் கையெழுத்திடட்டும். விடுப்பு இன்னொரு வாரம் நீண்டாலும் நீளட்டும். ஆயுள் சேமிப்பு கோர்ட்டு வாசலில் நிற்கக் கூடாது.