பெரியோர் காக்கும் தீபாவளி

மதுரையிலிருந்து திருப்பரங்குன்றம் செல்லும் வழியில் அமைந்துள்ளது பசுமலை. மாமதுரையை அழிக்க ஏவப்பட்ட மாயப்பசுவைச் சோமசுந்தரப் பெருமானின் ஆணைப்படி நந்தியெம்பெருமான் எதிர்கொண்டார் என்றும், வீழ்ந்த அப்பசுவே மலையாகச் சமைந்தது என்றும் திருவிளையாடற் புராணம் கூறுகிறது. தீமை ஒழிந்த கதையைப் பெயரிலேயே தாங்கி நிற்கும் இவ்வூரில், நரகாசுரன் அழிந்த நாளும் ஆண்டுதோறும் விடியலுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. பாட்டி தலையில் எண்ணெய் வைக்க, பேரக்குழந்தைகள் கங்கா ஸ்நானம் முடித்துப் புத்தாடை உடுத்தி, பட்டாசுப் பெட்டியைத் தேடி ஓடுகின்றனர்.

அந்தப் பெட்டி முந்தைய இரவு எங்கே இருந்தது என்பதே முதற்கேள்வி. புத்தாடை, நல்லெண்ணெய், இனிப்பு, தீபாவளி லேகியம் ஆகியவற்றோடு பட்டாசையும் சுவாமி முன் வைத்து, விளக்கேற்றி வணங்குவது பல இல்லங்களின் வழக்கம். பக்தியில் பிழையில்லை, ஆனால் எரியும் குத்துவிளக்கும் வெடிமருந்தும் ஒரே அறையில் இரவைக் கழிப்பது பெரும் ஆபத்து. வணங்கியவுடன் பட்டாசை எடுத்து, அடுப்பும் விளக்கும் இல்லாத, ஈரமற்ற வேறோர் இடத்தில், குழந்தைகளின் கைக்கு எட்டாமல் வைத்துவிட வேண்டும். பூஜையறை பெரியோரின் பொறுப்பில் இருப்பதால், இதைச் செய்ய வேண்டியவர்களும் அவர்களே.

அடுத்தது நேரம். 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் தீபாவளியன்று இரவு 8 முதல் 10 மணி வரை மட்டுமே பட்டாசு வெடிக்கலாம் எனத் தீர்ப்பளித்தது. இங்கு தீபாவளி விடியற்காலைப் பண்டிகை எனத் தமிழக அரசு முறையிட, அந்த இரண்டு மணி நேரத்தை மாநிலமே வகுத்துக்கொள்ளலாம் என அதே மாத இறுதியில் நீதிமன்றம் இசைந்தது. அவ்வாண்டு காலை 6 முதல் 7 வரையும், இரவு 7 முதல் 8 வரையும் என அரசு நேரம் வகுத்தது. நான்கு மணிக்கே வெடித்துப் பழகியவர்களுக்கு இது மனக்குறையாக இருக்கலாம். ஆயினும் அருணோதயத்துக்கு உரியவை நீராடலும் தீபமும் வழிபாடும் அல்லவா? அவற்றுக்கு எத்தடையும் இல்லை. வெடி சற்றுக் காத்திருந்தால், இரவெல்லாம் உறங்காத நோயாளியும் அடுத்த வீட்டுப் பச்சிளங்குழந்தையும் விடியலில் சிறிது கண்ணயர்வர்.

பிற உயிர்க்காக வெடியையே விட்டுக்கொடுத்த ஊர் ஒன்று மதுரையிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. சிவகங்கை மாவட்டத்தில், திருப்பத்தூர் அருகேயுள்ள கொள்ளுக்குடிப்பட்டியே அது. அங்குள்ள கண்மாய்களுக்கு மழைக்காலத்தில் நத்தைகுத்தி நாரை, சாம்பல் நாரை முதலிய பறவைகள் வந்து கூடு கட்டுகின்றன. 1977-இல் வேட்டங்குடி பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம் இது. பறவைகள் அஞ்சிக் கூட்டை விட்டு அகலக் கூடாதென்று, தீபாவளிக்கு மட்டுமன்றித் திருமணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும்கூட இவ்வூரார் வெடி வெடிப்பதில்லை. பல பத்தாண்டுகளாகக் காத்துவரும் இக்கட்டுப்பாட்டுக்காக வனத்துறையினர் தீபாவளிதோறும் அவர்களுக்கு இனிப்பு வழங்கி நன்றி தெரிவிக்கின்றனர்.

எல்லா ஊராரும் பட்டாசை அறவே துறக்க வேண்டியதில்லை. சிவகாசி வட்டாரத்தில் எத்தனையோ குடும்பங்களுக்கு அதுவே பிழைப்பு. பேரொலி எழுப்பும் வெடிகளைக் குறைத்து மத்தாப்பு, பூச்சட்டி, சங்குசக்கரம் ஆகியவற்றை மிகுதியாக வாங்கினாலே போதும். அவர்கள் பிழைப்புக்கும் கேடில்லை, தெருவில் கட்டப்பட்ட பசுவும் மிரளாது. மருத்துவமனை, கோயில், குடிசை ஆகியவற்றின் அருகே வெடிப்பதைத் தவிர்க்க வேண்டும்.

கம்பி மத்தாப்பைத் தீங்கற்றதென எண்ணிச் சிறு குழந்தையின் கையில் தனியே கொடுப்பவர் பலர். அதன் பொறி ஆயிரம் டிகிரி செல்சியஸ் வெப்பத்தையும் எட்டக்கூடியது. பெரியவர் ஒருவர் உடன் நிற்க வேண்டும். எரிந்த கம்பியை வாளித் தண்ணீரில் போட வேண்டும். தரையில் எறிந்த கம்பிதான் வெறுங்காலைச் சுடுகிறது. குழந்தைகளுக்குப் பருத்தி ஆடையும் செருப்பும் அவசியம். பட்டுப்பாவாடை பூஜைக்குப் போதும். வெடிக்காத வெடியைக் குனிந்து பார்க்கவோ மீண்டும் பற்றவைக்கவோ கூடாது. சிறிது நேரம் கழித்துத் தள்ளி நின்று தண்ணீர் ஊற்றிவிட வேண்டும்.

தீக்காயம் பட்டால் மஞ்சள், மை, பற்பசை எதையும் தடவலாகாது. குழாய் நீரில் இருபது நிமிடங்கள் காயத்தைக் காட்டி, தூய துணியால் தளர்வாக மூடி மருத்துவரிடம் செல்ல வேண்டும். கண்ணில் அடிபட்டால் கசக்காமலும் அழுத்தாமலும் உடனே கண் மருத்துவமனைக்குச் செல்வதே முறை. ஆம்புலன்சுக்கு 108, தீயணைப்புக்கு 101.

தீபாவளி அமாவாசை கழிந்த மறுநாளே கந்த சஷ்டி விரதம் தொடங்குகிறது. பசுமலை அன்பர்கள் திருப்பரங்குன்றத்து முருகன் சந்நிதிக்குச் செல்வர். அப்போது பேரக்குழந்தைகள் கண்ணிலும் கையிலும் குறையின்றி உடன் நடந்து வருவதைக் காட்டிலும், தாத்தா பாட்டிக்கு வேறென்ன தீபாவளிச் சீர் வேண்டும்?