பிள்ளைகளுக்குக் கிடைத்த நல்ல சொற்கள்

மாற்றுச் சான்றிதழில் மாணவரின் நடத்தையைக் குறிக்க ஓர் இடம் உண்டு. பெரும்பாலும் அதில் ஒரே சொல்தான் இருக்கும்: நன்று. ஐந்து வருடம் படித்துவிட்டு வேறு பள்ளிக்குப் போகும் பிள்ளை, தன்னைப் பற்றிப் பள்ளி எழுதித் தந்த நல்ல சொல்லாக எடுத்துப்போனது அந்த ஒன்றைத்தான். என் காலத்தில் வகுப்பறையில் காதில் விழுந்தவை வேறு. மக்கு, மந்தம், தூங்குமூஞ்சி, உருப்படாதவன் என்று திட்டுவதற்குச் சொற்கள் தாராளமாக இருந்தன. பாராட்டுவதற்குக் கெட்டிக்காரன், சமத்து என இரண்டு மூன்று. அவையும் முதல் மூன்று ரேங்கோடு தீர்ந்துவிடும்.

பண்பைச் சொல்லும் சொற்கள் பாடத்தில் இல்லாமல் இல்லை. செந்தாமரையைப் பிரித்தால் செம்மை + தாமரை, கருங்குயிலைப் பிரித்தால் கருமை + குயில். சிலேட்டில் பல்பத்தால் எழுதி, எச்சில் தொட்டு அழித்து, மறுபடி எழுதி மனப்பாடம் செய்தோம். தாமரைக்கும் குயிலுக்கும் கிடைத்த அடைமொழி பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளைக்குக் கிடைக்கவில்லை. பெயரடை என்று தனியாக ஒன்றைக் கற்பிக்கும் வழக்கமும் நம் மரபில் இல்லை. தொல்காப்பியம் முதல் சொற்கள் பெயர், வினை, இடை, உரி என்று நான்குதான். நற்பண்பு பாடமாக வந்தபோதும் ஏவலாகவே வந்தது. ஆத்திசூடியின் 109 அடிகளில் ஏறக்குறைய எல்லாமே செய் என்றோ செய்யாதே என்றோ சொல்பவை. ஈகையுள்ள பிள்ளை என்று யாரும் நம்மை அழைக்கவில்லை, கொடு என்றார்கள். அதில் ஒரு நேர்மை இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. கொடுத்துக் காட்டினால்தான் நல்ல பெயர்.

மாற்றம் ஒரே நாளில் வரவில்லை. செயல்வழிக் கற்றல் வந்தபோது சுவரின் கீழ்ப்பகுதியில், பிள்ளைகளின் கை எட்டும் உயரத்தில், கரும்பலகை இறங்கி வந்தது. 2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் அடிப்பதை மட்டுமல்ல, மனம் நோகச் செய்வதையும் தடை செய்தது. 2012-13இல் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் முப்பருவ முறையும் தொடர் மதிப்பீடும் வந்தன. வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று மதிப்பெண் பிரிந்தது. ரேங்க் இருந்த இடத்தில் தரநிலை வந்து உட்கார்ந்தது. 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி மூன்றாகப் பிரித்து, அந்த நிலைகளுக்கு அரும்பு, மொட்டு, மலர் என்று பெயரிட்டது. எழுத்துக் கூட்டத் திணறும் பிள்ளைக்கு அன்று கிடைத்தது கடைசி பெஞ்சும் ஒரு வசைச்சொல்லும். இன்று அவன் அரும்பு. எந்த நிலையில் இருக்கிறோம் என்பது பிள்ளைகளுக்குத் தெரியாமல் போவதில்லை. என்றாலும் அரும்பு என்பது மலரப்போகிற ஒன்றின் பெயர். யார் யோசித்து வைத்தார்களோ, அவர்களை வணங்கத் தோன்றுகிறது.

இப்போது நான்காம் வகுப்பில் நண்பனைப் பற்றி ஒரு நல்ல சொல் எழுதச் சொல்கிறார்கள். அன்பான, நேர்மையான, பொறுமையான, சுறுசுறுப்பான, துணிச்சலான என்று அட்டையில் சொற்கள் தொங்குகின்றன. பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து, ஒவ்வொருவர் பெயருக்கும் முன்னால் ஒரு சொல்லைச் சேர்க்கிறார்கள். அன்று அடக்கமான, பதவிசான என்பவை பெண்பிள்ளைகளுக்கு என்றே ஒதுக்கிய சொற்கள். தைரியம் பையன்களின் சொத்து. இன்று ஒரு பெண்பிள்ளையின் பெயருக்கு முன்னால் துணிச்சலான என்று ஒரு பையன் எழுதுகிறான், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. என் காலத்து வகுப்பில் இது நடந்திருக்காது.

குறையும் உண்டு. தாள்களை வாங்கிப் பார்த்தால் பாதிக்கு மேல் அன்பான, மீதியில் அழகான. வாயைத் திறந்தால் சூப்பர். நோட்டில் திருத்துபவரின் கையும் ஒரே நட்சத்திர ஸ்டிக்கரைத்தான் ஒட்டுகிறது. அன்று பாராட்டு அரிது. ஆனால் முத்துமுத்தான கையெழுத்து என்று வாத்தியார் சொன்னால், எந்தப் பக்கத்து எழுத்தைச் சொன்னார் என்பது வரை நினைவிருக்கும். எல்லோருக்கும் சொல்லப்படும் அன்பான, யாரிடம் எதைக் கண்டு சொன்னது என்று தெரிவதில்லை. வீட்டில் பாட்டிகள் புழங்கிய வெள்ளந்தி, சூட்டிகை, தங்கமான, வாஞ்சையான போன்றவையும் அட்டையில் ஏறவில்லை. இவையும் நல்ல குணத்தைச் சொல்பவைதாம், கூடுதல் நுணுக்கத்தோடு.

எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியை அட்டையைக் கடைசியில்தான் எடுக்கிறார். தோழி அன்பானவள் என்று யாராவது சொன்னால், "எதை வச்சுச் சொல்ற?" என்று கேட்கிறார். "நான் கீழ விழுந்தப்ப அவதான் மிஸ் தண்ணி எடுத்துட்டு வந்தா" என்கிறது பிள்ளை. அதைக் கரும்பலகையில் அப்படியே எழுதிவிட்டு, இப்படிச் செய்கிறவளை என்னவென்று சொல்லலாம் என்று வகுப்பைக் கேட்கிறார். பரிவான என்கிறது ஒரு குரல், உதவுகிற என்கிறது இன்னொன்று. "எங்க ஆயா இரக்க குணம்னு சொல்லும்" என்கிறான் பின்னாலிருந்து ஒருவன். மூன்றையும் எழுதுகிறார். நாற்பது நிமிடப் பாடவேளையில் இப்படி நாலைந்து பிள்ளைகளைப் பற்றித்தான் பேச முடிகிறது. மீதிப் பேர் மறுநாளுக்கு, அதற்கும் மறுநாளுக்கு. பாடத்திட்டம் பின்தங்குகிறது என்ற கவலை அவருக்கு உண்டு. ஆனாலும் வகுப்பில் ஒருவர் பெயரையும் விடாமல் முடித்துவிட்டுத்தான் அடுத்த பாடத்துக்குப் போகிறார்.