டி.வி.க்குள்ளே ஒரு பைக் ரேஸ்!

"எந்நேரமும் டி.வி. முன்னால் உட்கார்ந்து பைக் ஓட்டுகிறான்" என்று பிள்ளைகளைப் பற்றி அலுத்துக்கொள்ளும் தாய்மார்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் வீட்டிலும் அதே கதைதான். ஒன்பதாவது படிக்கும் மகனுக்கு அவன் தாய்மாமா ப்ளே ஸ்டேஷன் பெட்டி ஒன்றும், 'மோட்டோ ஜி.பி. 23' என்ற பைக் ரேஸ் ஆட்டமும் வாங்கித் தந்திருக்கிறார்.

எனக்கு ஆட்டத்தைப் பற்றி அவ்வளவு கவலை இல்லை. கவலையெல்லாம் வாசலில் நிற்கிற அவன் அப்பாவின் பைக்கைப் பற்றித்தான். "அம்மா, கடை வரைக்கும் மட்டும் ஓட்டிட்டு வர்றனே" என்று சாவி கேட்க ஆரம்பித்துவிட்டான். எங்கள் பல்லடமோ கோவை-திருச்சி நெடுஞ்சாலையின் மேலேயே இருக்கும் ஊர். கறிக்கோழி வண்டியும், நூல் மூட்டை ஏற்றிய லாரியும் ராத்திரி பகல் பார்க்காமல் ஓடுகின்றன. வெறுமனே 'கூடாது' என்று சொல்லிக்கொண்டிருப்பதைவிட, அந்த ஆட்டத்தில் அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்த்துவிடுவோம் என்று நானும் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

நம் வயதுக்காரர்களுக்கு பைக் ஆட்டம் என்றால் 'ரோட் ராஷ்'தான். 1991-ல் வந்தது. கம்ப்யூட்டர் சென்டரில் நம் அண்ணன் தம்பிகள் பக்கத்து வண்டிக்காரனைச் சங்கிலியால் அடித்துத் தள்ளிவிட்டு ஓட்டினார்களே, அதேதான்! 'மோட்டோ ஜி.பி.' அந்த ரகமில்லை. இத்தாலியின் மிலான் நகரத்து மைல்ஸ்டோன் நிறுவனம் தயாரித்தது. உலகில் நிஜமாக இருக்கும் பந்தயப் பாதைகளை அப்படியே வளைவுக்கு வளைவு வரைந்திருக்கிறார்கள். 2023 செப்டம்பரில் பந்தயம் நடந்ததே, டில்லி பக்கத்து புத் சர்க்யூட், அதுவும் இதில் உண்டு.

சரி, எப்படி ஆரம்பிப்பது? கையில் பிடிக்கும் கன்ட்ரோலரில் வலது ஆள்காட்டி விரலுக்கு ஆக்ஸிலேட்டர், இடது ஆள்காட்டி விரலுக்கு முன் பிரேக், இடது கட்டைவிரலுக்கு வண்டியைச் சாய்க்கும் குமிழ். விரல்களுக்கு அடியில் இருப்பவை லைட் ஸ்விட்ச் போல அல்ல. நம் பவர் மிஷின் பெடல் போல. மெல்ல மிதித்தால் மெல்லத் தைக்கும், ஓங்கி மிதித்தால் துணியை இழுத்துக்கொண்டு ஓடும், இல்லையா? தைக்கத் தெரிந்த பெண்களுக்கு இது பாதி தெரிந்த வித்தை என்றே சொல்வேன். பையன்கள்தான் முழுசாக அமுக்கிவிட்டு விழுகிறார்கள்!

விளையாடுவதற்கு முன் அமைப்புகளைச் சரிசெய்துகொள்ளுங்கள். கியர் தானாக மாறட்டும். முன் பிரேக், பின் பிரேக் இரண்டும் சேர்ந்து பிடிக்கும்படி ஒரு வசதி உண்டு, அதை வைத்துக்கொள்ளுங்கள். பாதையில் கோடு ஒன்று தெரியும்படியும் செய்யலாம். அது சிவப்பானால் பிரேக் பிடிக்க வேண்டும் என்று அர்த்தம். காமிரா வண்டிக்குப் பின்னால் இருக்கட்டும். ஓட்டுபவரின் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து பார்க்கும் கோணத்தில் சிலருக்குத் தலை சுற்றி, வயிற்றைப் புரட்டும். எடுத்த எடுப்பில் ஆயிரம் சி.சி. வண்டி வேண்டவே வேண்டாம். மோட்டோ 3 என்ற 250 சி.சி. வண்டிதான் பழகுவதற்கு லாயக்கு. போட்டியிலும் குதிக்க வேண்டாம். 'டைம் ட்ரையல்' என்று தனியாகச் சுற்றும் பகுதி இருக்கிறது. அங்கே ஒரே பாதையை இருபது தடவை சுற்றுங்கள்.

இனிமேல்தான் விஷயமே. வேகமாகப் போக ஆக்ஸிலேட்டரை முறுக்கவேண்டும் என்றுதானே நினைப்போம்? இந்த ஆட்டத்தில் ஜெயிக்கிறவர் பிரேக் பிடிக்கத் தெரிந்தவர்தான். வளைவு வருவதற்கு முன்பே, வண்டி நேராக நிற்கும்போதே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். பிறகு பாதையின் வெளி ஓரத்திலிருந்து உள் ஓரத்தைத் தொட்டு மறுபடி வெளியே வரவேண்டும். வண்டி நிமிர நிமிரத்தான் ஆக்ஸிலேட்டர். சாய்ந்திருக்கும்போது முன் பிரேக்கை வெடுக்கென்று பிடித்தால் முன் சக்கரம் வழுக்கிவிடும். சாய்ந்தபடியே முறுக்கினால் பின் சக்கரம் வழுக்கி, திடீரென்று பிடிப்பு கிடைத்து, ஆளை மேலே தூக்கி எறிந்துவிடும். காரணம் சுலபம். டயருக்கு உள்ள பிடிப்பு ஓர் அளவுதான். அதைச் சாய்வதற்கே செலவழித்துவிட்டால் பிரேக்குக்கு மிச்சம் இருக்காது. மாதச் சம்பளக் கணக்கு மாதிரிதான்!

நிஜத்திலும் இதே சங்கதிதான். எங்கள் ஊரிலிருந்து செட்டிபாளையம் வழியாகப் போத்தனூர் போகும் சாலையில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. 2003-ல் திறந்தார்கள், 2.1 கிலோமீட்டர் பாதை. பந்தயக் கார்களை வடிவமைத்த கோவைக்காரர் கரிவரதன் 1995-ல் விமான விபத்தில் இறந்தார். அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

ஒரு நாள் ஆட்டத்தின் நடுவே மகன் வளைவில் விழுந்தான். சட்டென்று ஒரு பட்டனை அழுத்தினான். படம் பின்னோக்கி ஓடியது. விழுவதற்கு முந்தைய இடத்துக்கே வண்டி போய்விட்டது. 'ரீவைண்ட்' வசதியாம். "நல்லா இருக்குதே கண்ணு, நம்ம ரோட்டுல அந்த பட்டன் எங்கே இருக்குது?" என்றேன். பேசாமல் இருந்தான்.

"ரேஸ்ல எதிர்க்க யாராச்சும் வர்றாங்களா?"

"இல்லீங்கம்மா, எல்லாரும் ஒரே பக்கந்தான் போவாங்க."

"ஆடு, மாடு?"

சிரித்துவிட்டான். பந்தயப் பாதையில் தோல் உடுப்பு, ஹெல்மெட், தயாராக நிற்கும் ஆம்புலன்ஸ் எல்லாம் இருந்தும் அடிபடுகிறார்கள் என்பதை அவனே சொன்னான். சட்டத்தையும் அன்றைக்கே பேசிவிட்டோம். கியர் வண்டிக்கு 18 வயது ஆக வேண்டும், 50 சி.சி.க்கு மேற்படாத கியரில்லாத வண்டிக்கு 16. 2019-ல் திருத்திய சட்டப்படி, சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோர் அல்லது வண்டிச் சொந்தக்காரருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருஷம் வரை சிறையும் உண்டு. பையனுக்கு 25 வயதுவரை லைசென்ஸ் கிடைக்காது. ஜெயில், அபராதத்தைவிட இந்தக் கடைசி விஷயம்தான் அவன் முகத்தை மாற்றியது!

உடம்பையும் கவனியுங்கள். 20 நிமிடத்துக்கு ஒரு தடவை 20 அடி தூரத்திலுள்ள எதையாவது 20 விநாடி பார்க்கச் சொல்லுங்கள், கண்ணுக்கு ஓய்வு. மணிக்கட்டைச் சுழற்றிவிட வேண்டும். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே டி.வி.யை நிறுத்திவிடுவது நல்லது. எங்கள் வீட்டில் பள்ளி நாளில் அரை மணி, ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி. படிப்பு, சாப்பாடு, தூக்கம், சிநேகிதம் எல்லாவற்றையும் விட்டு மாதக்கணக்கில் இதிலேயே கிடந்தால் டாக்டரிடம் காட்டத்தான் வேண்டும். உலக சுகாதார நிறுவனமே இதை நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது.

மகள்களையும் உட்கார வையுங்கள். ஸ்பெயின் நாட்டு அனா கராஸ்கோ 2018-ல் ஆண்களோடு போட்டியிட்டு 'சூப்பர்ஸ்போர்ட் 300' உலகப் பட்டத்தை வென்றவர். எங்கள் வீட்டு ஆறாம் வகுப்புக்காரி அண்ணனைவிடப் பொறுமையாகப் பிரேக் பிடிக்கிறாள். அடுத்த வாரம் இரண்டு பிரேக்கையும் தனித்தனியாக மாற்றித் தரச்சொல்லியிருக்கிறாள். கோட்டை மட்டும் இப்போதைக்கு எடுக்க வேண்டாமாம்.